நண்பருக்குப் படம் எடுத்தால் எவ்வளவு வாங்குவது?

கேள்வி இதுதான்: ஒளிப்படத்தைத் தொழிலாக்கிக்கொள்ள ஒருவர் முயல்கிறார். கையில் ஒரு கேமரா, இரண்டு லென்ஸ். இப்போதைக்குக் கூப்பிடுகிறவர்கள் எல்லாரும் நண்பர்களும் தெரிந்தவர்களும்தான். முழு விலை கேட்கக் கூச்சமாக இருக்கிறது, சும்மா செய்தால் கட்டுப்படியாகவில்லை. என்ன விலை சொல்வது, எப்படிச் சொல்வது?

சுருக்கமாகச் சொன்னால் மூன்று வேலை. முழு விலை எவ்வளவு என்று முதலில் கணக்குப் போட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். யாருக்குக் குறைத்தாலும் அந்த முழு விலையைக் காட்டி, அதில் இவ்வளவு குறைத்திருக்கிறேன் என்று எழுத்தில் கொடுங்கள். குறைப்பது உங்கள் கூலியிலிருந்து மட்டும் இருக்கட்டும், கைக்காசு போகிற செலவில் தள்ளுபடி கொடுக்காதீர்கள்.

முழு விலையிலிருந்து தொடங்குவோம், ஏனென்றால் பலரிடம் அது இல்லை. "இரண்டு மணி நேர வேலைதானே" என்று மனக்கணக்குப் போட்டு ஒரு தொகையைச் சொல்லிவிடுகிறார்கள். ஒரு குடும்பப் படப்பிடிப்பை எடுத்துக்கொள்வோம். முன்கூட்டிப் பேசி இடம், நேரம், உடை முடிவு செய்ய 1 மணி. பேட்டரி சார்ஜ், மெமரி கார்டு ஃபார்மட், லென்ஸ் துடைப்பு அரை மணி. போக வர ஒன்றரை மணி. படம் எடுப்பது 2 மணி. வந்ததும் கணினியில் ஏற்றி, பேக்கப் எடுக்க அரை மணி. 400 படத்திலிருந்து 40 படம் பொறுக்க 1 மணி. அந்த 40 படத்துக்கும் ஒளி, நிறம், கிராப் சரிசெய்ய, படத்துக்கு 3 நிமிடம் என்றால் 2 மணி. அதில் 8 படத்துக்கு மட்டும் தோல், முடி, பின்னணி என்று நுணுக்கமான ரீடச், படத்துக்கு 15 நிமிடம், இன்னொரு 2 மணி. எக்ஸ்போர்ட் செய்து ஆன்லைன் கேலரியில் போட்டு லிங்க் அனுப்ப அரை மணி. "அந்த ஒரு படத்தில் மட்டும் கொஞ்சம்..." என்று வரும் திருத்தங்களுக்கு 1 மணி. கூட்டினால் 12 மணி நேரம். இரண்டு மணி நேர வேலை என்று நண்பர் நினைப்பதில் தப்பில்லை, அவர் கண்ணால் பார்ப்பது அவ்வளவுதான். நீங்களும் அப்படியே நினைத்தால்தான் சிக்கல்.

அடுத்தது நிலையான செலவு. கேமராவும் லென்ஸும் தேய்வது, மென்பொருள் சந்தா, ஹார்ட் டிஸ்க், காப்பீடு, பழுது எல்லாவற்றையும் ஓராண்டுக்குக் கூட்டி, அந்த ஆண்டில் காசு வாங்கிச் செய்யப்போகும் வேலைகளின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். இந்த எண்ணிக்கையைப் போடும்போதுதான் ஆசை கண்ணை மறைக்கும். ஆண்டில் வார இறுதி நாட்கள் 104. வேறு வேலை பார்த்துக்கொண்டே இதைச் செய்கிறவருக்குப் படம் எடுக்கக் கிடைப்பது அநேகமாக இந்த நாட்கள் மட்டும்தான். உடம்பு சரியில்லாத நாள், சொந்த வீட்டு விசேஷம், ஆளே கூப்பிடாத மாதங்கள் போக, ஆரம்ப கட்டத்தில் 30 வேலை என்று வைத்து வகுப்பது பாதுகாப்பு. 100 என்று வைத்து வகுத்தால் விலை அழகாகக் குறையும், ஆண்டு முடிவில் கை கடிக்கும்.

தேய்மானத்தைச் சும்மா ஒரு சொல்லாகக் கடந்துவிடாதீர்கள். கேமராவின் மெக்கானிக்கல் ஷட்டர் (ஒவ்வொரு படத்துக்கும் திறந்து மூடும் திரை) எத்தனை படம் தாங்கும் என்று தயாரிப்பாளரே ஓர் ஆயுள் எண் சொல்வதுண்டு. கேனன் 5டி மார்க் 4-க்கு 1,50,000, சோனி ஏ7 3-க்கு 2,00,000. ஒரு முழுநாள் விசேஷத்தில் 2,000 படம் என்பது சாதாரணம். 2,00,000 ஆயுளில் அது 1 சதவீதம். எலக்ட்ரானிக் ஷட்டரில் இந்தத் தேய்மானம் இல்லை என்பது சரி, ஆனால் சென்சரும் பேட்டரியும் பழசாவது நிற்காது. சேமிப்புச் செலவும் அப்படித்தான். 24 மெகாபிக்சல் கேமராவில் சுருக்கப்பட்ட ரா ஃபைல் (கேமரா பதியும், திருத்தாத மூலப் படம்) ஏறத்தாழ 25 முதல் 30 எம்பி. மேலே சொன்ன 400 படம் 10 ஜிபியைத் தாண்டும். மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறிடத்தில் என்ற 3-2-1 முறைப்படி வைத்தால் 30 ஜிபிக்கு மேல். இலவச வேலைக்கும் இதே இடம்தான் பிடிக்கும்.

இப்போது தள்ளுபடி. உங்கள் நாட்டுக் காசைப் போட்டுக்கொள்ள வசதியாக, முழு விலை 100 என்று வைப்போம். அதில் போக்குவரத்து, உதவியாளர் கூலி, லைட் வாடகை, பிரிண்ட் என்று கையை விட்டுப் போகும் காசு 25. நிலையான செலவில் இந்த வேலையின் பங்கு 20. மீதி 55 உங்கள் 12 மணி நேர உழைப்புக்கு. நண்பரிடம் "உனக்குப் பாதி விலை" என்கிறீர்கள். கைக்கு வருவது 50, செலவு 45, மிச்சம் 5. விலைதான் பாதியானது, உங்கள் கூலியோ பதினொன்றில் ஒரு பங்காகிவிட்டது. 60 சதவீதம் தள்ளுபடி என்றால் நண்பருக்குப் படம் எடுக்க நீங்கள் கையிலிருந்து 5 கொடுத்திருக்கிறீர்கள். அதனால் தள்ளுபடியை 55-க்குள் வைத்துப் பேசுங்கள். கூலியில் ஏறக்குறைய பாதியை விட்டுக்கொடுத்தால்கூட பில்லில் 30 குறையும், 70 கேட்கலாம். ஆரம்பநிலையில் இருக்கிறவர் நண்பருக்குக் கொடுக்கக்கூடிய கௌரவமான உச்ச வரம்பு அதுதான் என்பது என் கருத்து. அதற்கு மேல் மனசு கேட்கவில்லை என்றால் முழு அன்பளிப்பாகவே கொடுத்துவிடலாம். 20, 30 என்று வாங்குவது ரொம்ப மோசம். வாங்கியவருக்கு விலைக்கு வாங்கிய உரிமை வந்துவிடும், கொடுத்தவருக்குக் கூலியும் இல்லை, கொடுத்த பெயரும் இல்லை.

அதைவிட மோசமான ஒன்று உண்டு: "உன் இஷ்டம், பாத்துக் குடு." சொல்கிறவருக்கு இது பெருந்தன்மையாகத் தோன்றும். நண்பருக்கோ தலைவலி. அவருக்குச் சந்தை விலை தெரியாது. குறைவாகக் கொடுத்தால் நீங்கள் மனசுக்குள் வைத்துக்கொள்வீர்கள், அதிகமாகக் கொடுத்துவிட்டோமோ என்று அவர் யோசிப்பார். விலை சொல்வது உங்கள் வேலை, அதை அவர் தலையில் கட்டாதீர்கள்.

எழுத்தில் காட்டுவது என்றால் பெரிய ஒப்பந்தப் பத்திரம் வேண்டியதில்லை. மூன்று வரி பில் போதும்.

குடும்பப் படப்பிடிப்பு, 2 மணி நேரம், திருத்திய 40 படம்: 100
நண்பர் தள்ளுபடி: 30
செலுத்த வேண்டியது: 70

நடு வரிதான் முக்கியம். அது இல்லாமல் வெறும் 70 என்று வாங்கினால், அந்த நண்பர் மனதில் உங்கள் விலை 70 என்று பதிந்துவிடும். தன் அலுவலகத்தில் நாலு பேரிடம் அதையே சொல்வார். அவர்கள் வந்து 70-க்குக் கேட்கும்போது நீங்கள் 100 என்றால், விலையை ஏற்றிவிட்டீர்கள் என்று பேச்சு வரும். நடு வரி இருந்தால் அவர் சொல்வது "நூறு வாங்குறாரு, எனக்காகக் குறைச்சாரு" என்று இருக்கும். முழு அன்பளிப்புக்கும் இதே பில்தான்: 100, அன்பளிப்பு 100, செலுத்த வேண்டியது 0. காசே வாங்காத வேலைக்கு பில்லா என்று சிரிப்பு வரலாம். கொடுத்துப் பாருங்கள், அதற்கப்புறம் அவர் படங்களைக் கேட்கும் தோரணையே மாறியிருக்கும். தள்ளுபடி அவருக்கு மட்டும்தான், அவர் அனுப்பும் ஆட்களுக்குப் பொருந்தாது என்பதையும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

யார் யாருக்கு எவ்வளவு என்பதை ஆள் வந்து கேட்கும்போது யோசிக்கக் கூடாது. முன்பே முடிவு செய்துவிட வேண்டும். உடன்பிறந்தவர்கள், விரல் விட்டு எண்ணக்கூடிய உயிர்த்தோழர்கள், இவர்களிடம் காசு வாங்க உங்களுக்கே மனம் வராது. அன்பளிப்புக் கணக்கில் வையுங்கள், ஆனால் ஆண்டுக்கு இத்தனை என்று எண்ணிக்கை போடுங்கள். நான்கு என்று வைத்திருந்தால், ஐந்தாவது ஆள் கேட்கும்போது "இந்த வருஷத்துக்கு வச்சிருந்த நாலும் முடிஞ்சிருச்சு" என்பது உண்மையான பதில், யாரையும் புண்படுத்தாது. சந்தித்தால் உட்கார்ந்து பேசுகிற நண்பர்களுக்கு அந்த 30 சதவீதம். கூட வேலை செய்கிறவர், பக்கத்து வீட்டார், நண்பரின் நண்பர், பல ஆண்டு பேசாமல் திடீரென்று "எப்படி இருக்கே" என்று செய்தி அனுப்பும் பள்ளித் தோழர், இவர்களெல்லாம் வாடிக்கையாளர்கள். முழு விலை. தெரிந்தவர் என்பதற்காக ஏதாவது செய்தே ஆக வேண்டும் என்று தோன்றினால் விலையைத் தொடாமல் 5 படம் கூடுதலாகக் கொடுங்கள்.

ஆரம்பத்தில் முழு விலைக்கு யாரும் வரமாட்டார்களே, போர்ட்ஃபோலியோவும் (எடுத்துக் காட்ட மாதிரிப் படத் தொகுப்பு) இல்லையே என்ற கேள்வி நியாயமானது. அந்தத் தொகுப்பைச் சேர்க்கும்வரை குறைத்து வாங்குவதுதான் போர்ட்ஃபோலியோ விலை. அது நண்பர் விலையிலிருந்து வேறு, இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். போர்ட்ஃபோலியோ விலைக்கு முடிவுத் தேதியோ எண்ணிக்கையோ இருக்க வேண்டும். "முதல் 10 பேருக்கு" அல்லது "3 மாதம் வரை" என்று வெளிப்படையாகவே சொல்லலாம். குறைத்ததற்குப் பதிலாக உங்களுக்கு என்ன கிடைக்கிறது என்பதும் பேச்சில் வர வேண்டும். இடத்தையும் நேரத்தையும் நீங்கள் தேர்ந்தெடுப்பது, படங்களை வெளியிட எழுத்துப்பூர்வ அனுமதி (குழந்தைகள் என்றால் பெற்றோர் கையெழுத்து), முடிந்ததும் ஒரு மதிப்புரை. இன்னொன்று: எந்த வேலையை விற்க விரும்புகிறீர்களோ அந்த வகையை மட்டும் இப்படிக் குறைத்து எடுங்கள். பச்சிளங்குழந்தைப் படம் எடுக்க ஆசைப்பட்டுக்கொண்டு ஆறு மாதம் பிறந்தநாள் விழாவாக எடுத்துத் தள்ளினால், ஏழாவது மாதமும் பிறந்தநாளுக்குத்தான் கூப்பிடுவார்கள். ஒரு வகையில் 15, 20 நல்ல படம் சேர்ந்துவிட்டால் அந்த வகைக்குப் போர்ட்ஃபோலியோ விலையை மூடிவிடுங்கள். அதற்கப்புறம் செய்யும் மலிவு வேலை எதையும் கூட்டப்போவதில்லை.

விலையைச் சொல்லும் விதம். பெரும்பாலும் நண்பர்கள் விலை கேட்கவே மாட்டார்கள், "மச்சான், சனிக்கிழமை வீட்ல விசேஷம், அப்படியே கேமராவையும் எடுத்துட்டு வந்துரு" என்பார்கள். இதற்கு உடனே திருப்பிக் கேட்க வேண்டிய கேள்வி: "கண்டிப்பா வர்றேன்டா. விருந்தாளியா வரவா, போட்டோகிராஃபரா வரவா? விருந்தாளின்னா கேமரா வீட்ல இருக்கும். போட்டோகிராஃபர்னா நாலு மணி நேரத்துக்கு நான் வாங்குறது இவ்வளவு, உனக்கு இவ்வளவு." இதைச் சிரித்துக்கொண்டே சொல்லலாம், ஆனால் சொல்லிவிட வேண்டும். இரண்டு வேடமும் ஒரே நாளில் போட முடியாது. சாப்பிட உட்கார்ந்திருக்கும்போது முக்கியமான தருணம் போய்விடும், படம் எடுத்துக்கொண்டிருந்தால் நண்பரோடு நிற்க முடியாது.

தெரிந்தவர்களுக்கு எழுத்தில் அனுப்புவது நல்லது: "அக்கா, கேட்டதுக்கு நன்றி. 2 மணி நேரம், 40 படம், 14 நாள்ல கேலரி லிங்க். கட்டணம் 100. தேதி உறுதி பண்ண 40 முன்பணம், மீதி படம் குடுக்கும்போது." விலை சொன்ன பிறகு பேச்சை நிறுத்துங்கள். எதிர்முனையில் கொஞ்சம் மௌனம் வந்ததும் "ஆனா உங்களுக்குக் குறைச்சுக்கலாம்" என்று வாய் தானாகப் போகும், அதை அடக்கப் பழக வேண்டும். அவர் பட்ஜெட் அவ்வளவு இல்லை என்றால் விலையைக் குறைக்காமல் வேலையைக் குறையுங்கள். 1 மணி நேரம், 15 படம், ரீடச் இல்லை, கட்டணம் 60. முழு வேலையையும் 60-க்குச் செய்வதைவிட இது உங்களுக்கு மேல், மேலே போட்ட மணிக் கணக்கைப் பார்த்தாலே தெரியும்: எடுப்பு, பொறுக்கல், திருத்தம் எல்லாமே சுருங்குகின்றன. போக்குவரத்தும் தயாரிப்பும் சுருங்காது, அதனால்தான் பாதி நேரத்துக்குப் பாதி விலை என்று வைக்காமல் 60 என்று வைத்திருக்கிறேன்.

நண்பர் வேலையில் என்னென்ன கெடும் என்பதும் கிட்டத்தட்ட எப்போதும் ஒன்றுதான். "இன்னும் ஒரு மணி நேரம் இருடா" என்று நேரம் நீளும், கூடுதல் மணிக்கு என்ன விலை என்று முதலிலேயே எழுதியிருந்தால் அந்த வாக்கியமே வராது, வந்தாலும் காசோடு வரும். "எடுத்தது எல்லாத்தையும் பென் டிரைவ்ல போட்டுக் குடுத்துரு" என்பார்கள். கண் மூடியது, வாய் கோணியது, வெளிச்சம் தப்பியது எல்லாம் உங்கள் பெயரில் சுற்றும். ரா ஃபைலைத் திறக்கத் தனி மென்பொருள் வேண்டும், திறந்தாலும் சப்பென்று இருக்கும். திருத்திய 40 படம்தான் என்று முதல் செய்தியிலேயே சொல்லியிருக்க வேண்டும். திருத்தம் ஒரு சுற்று இலவசம், அதற்கு மேல் மணிக் கணக்கு.

இன்னொரு கேடு உங்கள் பக்கத்திலிருந்து வரும். காசு வாங்காத வேலையும் குறைத்து வாங்கிய வேலையும் வரிசையில் கடைசிக்குப் போய்க்கொண்டே இருக்கும். இரண்டு வாரம் என்றது இரண்டு மாதமாகும். நண்பரோ கேட்கக் கூச்சப்பட்டு மனசுக்குள் வைத்துக்கொள்வார். நட்பு கசப்பது காசால் என்று நினைக்கிறோம், பாதி நேரம் தாமதத்தால்தான். குறைத்த விலைக்கும் அதே 14 நாள் கெடு வையுங்கள். முடியாது என்று தெரிந்தால் வேலையையே ஏற்காதீர்கள்.

கல்யாணம் தனி. நண்பர் கல்யாணத்தை முதல் பெரிய வேலையாக எடுக்காதீர்கள், இலவசமாகவும் வேண்டாம், காசுக்கும் வேண்டாம். அதை மறுபடி எடுக்க முடியாது. கேமரா நின்றுபோனால் இன்னொரு கேமரா வேண்டும். ஒரே நேரத்தில் இரண்டு கார்டில் பதியும் வசதி வேண்டும், மாற்று ஃபிளாஷ் வேண்டும், இரண்டாவது ஆள் வேண்டும். இவை இல்லாமல் போய் ஒரு கார்டு செத்துவிட்டால், விலை எவ்வளவு குறைவாக இருந்தது என்பதை யாரும் ஆறுதலாக நினைவுவைத்துக்கொள்ள மாட்டார்கள். அன்றைக்கு அனுபவமுள்ள ஒருவரை வைத்துக்கொள்ளச் சொல்லி, நீங்கள் அவருக்கு இரண்டாவது ஆளாகப் போகலாம். அல்லது கல்யாணத்துக்கு முன் ஒரு நாள் ஜோடிப் படங்களை அன்பளிப்பாக எடுத்துத் தரலாம். அது சொதப்பினால் அடுத்த வாரம் மறுபடி எடுக்கலாம்.

நண்பர் கடை வைத்திருக்கிறார், பொருட்களைப் படம் எடுத்துத் தரச் சொல்கிறார் என்றால் கணக்கு மாறுகிறது. குடும்பப் படம் ஆல்பத்தோடு நின்றுவிடும், கடைப் படம் அவருக்குச் சம்பாதித்துக் கொடுக்கும். எடுக்கும் கூலியில் நண்பர் தள்ளுபடி கொடுங்கள், படத்தைத் தொழிலுக்குப் பயன்படுத்திக்கொள்ள வாங்கும் பயன்பாட்டுக் கட்டணத்தில் கொடுக்காதீர்கள். எங்கே, எவ்வளவு காலம் என்று குறிப்பிட வேண்டும்: வலைத்தளம், சமூக ஊடகம், 1 ஆண்டு. விளம்பரப் பலகை, அச்சு விளம்பரம் என்று போனால் தனி. இங்கே பதிப்புரிமை யாருடையது என்பதும் வரும், அது நாட்டுக்கு நாடு வேறு. இங்கிலாந்தில் 1988 சட்டப்படி, ஊழியராக எடுத்தால் தவிர, எடுத்தவருக்கே உரிமை. சிங்கப்பூரில் 2021 சட்டத்துக்கு முன் காசு கொடுத்து எடுக்கச் சொன்னவருக்கு இருந்தது, இப்போது எடுத்தவருக்கு. இந்தியாவில் 1957 சட்டத்தின் 17-ஆம் பிரிவுப்படி, காசு வாங்கிக்கொண்டு ஒருவர் சொல்லி எடுத்த படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர். அதாவது எதுவும் எழுதிக்கொள்ளாமல் காசு வாங்கினால், உங்கள் படத்தை உங்கள் போர்ட்ஃபோலியோவில் போடுவதற்கே அவர் அனுமதி தேவைப்படலாம். இரண்டு வரி எழுதி வாங்கினால் முடிந்தது.

பண்டமாற்றாக, நண்பர் லோகோ வரைந்து தருகிறார், நீங்கள் படம் எடுத்துத் தருகிறீர்கள் என்றால் இரண்டு பக்கத்தையும் முழு விலையில் மதிப்பிட்டு எழுதிக்கொள்ளுங்கள். பல நாடுகளில் வரிக் கணக்கில் அதுவும் வருமானம்தான்.

மீதிப் பணம் வராமல் இழுப்பது நண்பர்களிடம்தான் அதிகம், கேட்கக் கூச்சம் என்பதால். அதற்கு ஒரு முறை இருக்கிறது. முதலில் 2048 பிக்சல் நீளத்தில், வாட்டர்மார்க்கோடு முன்னோட்டக் கேலரி. அதில் பார்த்துத் தேர்வு செய்யலாம், பெரிதாக அச்சிட முடியாது. முழு அளவுப் படம், 24 மெகாபிக்சல் என்றால் 6000-க்கு 4000 பிக்சல், 300 டிபிஐ-யில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) 20 அங்குல அகலம் வரை அச்சிடக்கூடியது, மீதி வந்த பிறகு. எல்லோருக்கும் இதே முறை என்று முதல் செய்தியிலேயே எழுதியிருந்தால் பணம் கேட்டு நீங்கள் தனியாக வாய் திறக்கவே வேண்டியிருக்காது.

இதுவரை சும்மா எடுத்துக் கொடுத்துப் பழக்கிவிட்டவர்களிடம் விலைக்கு மாறுவது கொஞ்சம் சங்கடம். ஆளுக்கு ஆள் தனியாகப் பேசினால் ஒவ்வொருவரும் விதிவிலக்குக் கேட்பார்கள். ஒரு தேதி வைத்து, எல்லோருக்கும் ஒரே செய்தி அனுப்புங்கள்: "அடுத்த மாசம் 1-ஆம் தேதியிலிருந்து போட்டோகிராஃபியைத் தொழிலா எடுத்துப் பண்றேன். ரேட் கார்டு இதோட இருக்கு. நம்ம ஆளுங்களுக்கு 30 சதவீதம் குறைவு. ஏற்கெனவே ஒத்துக்கிட்ட வேலை எல்லாம் பழையபடியே." கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள், ஒத்துக்கொண்ட பிறகு விலை மாற்றினார் என்ற பேச்சு வந்தால் அந்த வட்டத்தில் மறுபடி வேலை கிடைப்பது கஷ்டம். செய்தி பார்த்துவிட்டுச் சிலர் கூப்பிடுவதை நிறுத்துவார்கள். அந்தச் சனிக்கிழமைகளைக் காசு கொடுக்கிறவர்களுக்குக் கொடுங்கள்.